பொற்கிழியும் கணிப்பொறியும்

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றவுடன் வானளாவிய கோபுரமும், ஆண்டாள் சூடிக் கொடுத்த மாலையும் நம் மனக்கண்முன் தோன்றும். அவ்வூரோடு சேர்த்து நினைக்கத்தக்க மற்றொரு செய்தியும் உண்டு. அஃது ஒரு சோதனையைப் பற்றியது. பரம்பொருள் எது என்று ஐயமற நிறுவுவோர்க்குப் பரிசாகப் பாண்டிய மன்னன் வல்லபதேவன் மதுரையில் தன் அவையிலே பொற்கிழி ஒன்றைத் தொங்கவிட்டான் என்பர். வில்லிபுத்தூரில் பூந்தோட்டம் வளர்த்துத் தொண்டு செய்துவந்த விட்டுசித்தர் அங்குச் சென்று தம் கருத்தை நிலைநாட்டினார். அவர் சொல்லி முடித்த அளவில் கிழி கட்டியிருந்த கம்பம் தானே வளைந்து தாழ்ந்தது என்று வைணவ மரபு கூறுகின்றது. அவரே பெரியாழ்வார்.

இவ்வரலாற்றின் சமயப் பொருளை ஆராய்வது இன்று என் நோக்கமன்று. அந்தச் சோதனையின் அமைப்பே என் கருத்தைக் கவர்கின்றது. விடை சரியானால் கிழி தானே தாழும், தவறானால் அசையாது. நடுவரின் விருப்பு வெறுப்புக்கு அங்கே இடமில்லை; முடிவில் ஐயத்திற்கும் இடமில்லை. இத்தகைய சோதனை நமக்கும் வாய்க்குமானால் எவ்வளவு நன்றாயிருக்கும்! ஆனால், வாழ்க்கையில் நாம் பொன்னை உரைகல்லில் உரைத்துப் பார்க்கிறோம். பானையைத் தட்டிப் பார்க்கிறோம். மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். இவற்றுள் ஒன்றும் முழு உண்மையை நமக்குச் சொல்வதில்லை. ஓரளவு சொல்கின்றது, எஞ்சியதை நாம் நம்பிக்கையால் நிரப்பிக் கொள்கிறோம்.

நம் காலத்தில் இந்த நம்பிக்கை பெரும்பாலும் மென்பொருளின்மீது வைக்கப்படுகின்றது. கணிப்பொறி என்னும் இயந்திரத்திற்கு என்ன செய்யவேண்டும் என்று வரிவரியாக எழுதித் தரும் கட்டளைத் தொகுதியே மென்பொருள். வங்கிக் கணக்கும், தொடர்வண்டிச் சீட்டும், மருத்துவமனைக் கருவியும், விண்கலமும் அதன் சொற்படியே இயங்குகின்றன. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்திலிருந்து பொறியியல் கற்று, சென்னைக்கும் பெங்களூருக்கும் செல்லும் இளைஞருள் சிலருக்கு அம்மென்பொருளைச் சோதிப்பதே தொழில். அவர்கள் நாள்தோறும் செய்யும் அச்சோதனை எதனைக் காட்டுகின்றது? எதனைக் காட்ட இயலாது? இவ்வினாவிற்கு எண்பது ஆண்டுக்குட்பட்ட ஒரு வரலாறு உண்டு. அதனையே உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள், அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தினர் அமைத்த 'மார்க் 2' என்னும் கணிப்பொறி பிழைபட இயங்கியது. காரணத்தைத் தேடியவர்கள், மின்தொடர்பு விசை ஒன்றின் நடுவே ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருக்கக் கண்டனர். அதனை எடுத்து நாட்குறிப்பேட்டில் ஒட்டி வைத்தனர். அவ்வேடு இன்றும் அமெரிக்க அருங்காட்சியகம் ஒன்றில் உள்ளது. கருவிகளின் குறைபாட்டைப் 'பூச்சி' என்று சொல்லும் வழக்கம் அதற்கும் முன்பே, எடிசன் காலத்திலேயே, இருந்தது. ஆயினும் கணிப்பொறித் துறையினர் இந்நிகழ்ச்சியை மறப்பதில்லை. தமிழில் நாம் அக்குறைபாட்டை 'வழு' என்கிறோம்.

அந்த நாளில் சோதனை எளிதாயிருந்தது. பூச்சியைக் கண்டால் எடுத்துவிடலாம். ஆனால், கட்டளைத் தொகுதிகள் ஆயிரக்கணக்கான வரிகளாகவும், பின்னர் இலட்சக்கணக்கான வரிகளாகவும் பெருகியபோது, வழுவும் கண்ணுக்குப் புலப்படாத ஒன்றாயிற்று. மென்பொருள்கள் காலத்தில் முடிவதில்லை. முடிந்தாலும் நம்பத்தக்கனவாக இல்லை என்னும் கவலை எங்கும் எழுந்தது. 1968-இல் ஜெர்மனியிலுள்ள கார்மிஷ் நகரிலும், 1969-இல் ரோம் நகரிலும் அறிஞர்கள் கூடி இதனை ஆராய்ந்தனர். ரோம் நகரக் கூட்டத்தில் டச்சு நாட்டு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா கூறிய கருத்து இன்றளவும் நிலைத்து நிற்கின்றது. சோதனையானது வழு இருப்பதைக் காட்ட வல்லது. வழு இல்லை என்பதைக் காட்ட வல்லதன்று என்பதே அக்கருத்து.

இதனை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். இரண்டு எண்களைக் கூட்டுவது மட்டுமே ஒரு மென்பொருளின் வேலை என்று கொள்வோம். ஒவ்வோர் எண்ணும் கணிப்பொறியில் 32 இலக்க இடங்களில் எழுதப்படுவதாகவும் கொள்வோம். அவ்விடங்களில் ஒவ்வொன்றும் சுழியாகவோ ஒன்றாகவோ இருக்கலாம். ஆகவே ஒவ்வோர் எண்ணும் ஏறத்தாழ 429 கோடி மதிப்புகளுள் ஏதேனும் ஒன்றாகலாம். இரண்டு எண்களையும் எல்லா வகையிலும் இணைத்துச் சோதிப்பது என்று முடிவு செய்து, நொடிக்கு நூறு கோடிச் சோதனை வீதம் இரவு பகலாக நடத்தினாலும், அவ்வேலை முடிய ஏறத்தாழ 584 ஆண்டுகள் ஆகும். விசயநகர வேந்தர் ஆட்சியில் தொடங்கியிருந்தால் நம் காலத்தில் முடிந்திருக்கும்! வெறுங் கூட்டலுக்கே இந்நிலையென்றால், விமானத்தை ஓட்டும் மென்பொருளை முழுவதும் சோதித்துவிட்டோம் என்று எவர் கூற முடியும்?

ஆதலின் சோதனை செய்வோர் கோடிக்கணக்கான நிலைமைகளுள் சிலவற்றைத் தெரிந்தெடுக்கின்றனர். தெரிந்தெடுப்பது மனிதர்; அவர்கள் எதனை எண்ணிப் பார்த்தார்களோ அதுவே சோதிக்கப்படும். எண்ணிப் பாராதது சோதிக்கப்படாது. இதனை விளங்கிக் கொள்ள, ராஜபாளையத்திற்கு மேற்கே மலையடிவாரத்திலுள்ள அய்யனார் கோவிலுக்குச் சென்றுவந்தவர்க்கு வேறு எடுத்துக்காட்டு வேண்டா. அங்கே எழுந்தருளியிருப்பவர் நீர் காத்த அய்யனார். கோவிலை ஒட்டி மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து ஆறு இறங்கி வருகின்றது. கோடை முதிர்ந்த நாளில் பாறைக்குப் பாறை கால் வைத்து அதனை எளிதில் கடக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் மலைமேல் மழை கொட்டினால், அடிவாரத்தில் தூறலே இல்லாத வேளையிலும் வெள்ளம் திடீரெனப் பாய்ந்து வரும். அத்தகைய நாளில் கோவிலுக்குச் செல்ல வனத்துறையினர் தடை விதிப்பதும் உண்டு. சித்திரை மாதத்தில் நூறு முறை ஆற்றைக் கடந்து பார்த்த ஒருவர், "நூறு முறை சோதித்துவிட்டேன், இங்கே ஆபத்தில்லை" என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால், அவர் சோதித்தது ஆற்றை அன்று; சித்திரை மாதத்து ஆற்றைத்தான்.

இதே தவறு ஐரோப்பிய நாடுகளின் ராக்கெட் ஒன்றை அழித்தது. 1996-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள், தென் அமெரிக்காவிலுள்ள கூரூ என்னும் ஏவுதளத்திலிருந்து 'ஏரியன் 5' முதன்முறையாக ஏவப்பட்டது. நான்கு ஆராய்ச்சித் துணைக்கோள்கள் அதில் இருந்தன. ஏறத்தாழ 40 நொடிகளுக்குள் அது பாதை விலகி, வானிலேயே சிதறியது. திசையறியும் கருவியின் மென்பொருள், முந்தைய 'ஏரியன் 4' ராக்கெட்டிலிருந்து அப்படியே எடுத்தாளப்பட்டதாகும். பழைய ராக்கெட்டில் அது நன்றாகவே உழைத்தது. புதிய ராக்கெட்டோ பக்கவாட்டில் மிகுந்த வேகமுடையது. அவ்வேகத்தைச் சார்ந்த ஓர் எண், 32,767-க்கு மேற்பட்ட எதனையும் கொள்ளாத சிறு கலத்தில் ஊற்றப்பட்டது, கலம் நிரம்பி வழிந்தது, கருவி செயலற்றது. ஒன்று பழுதானால் உதவுமென்று வைக்கப்பட்டிருந்த மற்றொரு கருவியும் அதே மென்பொருளை உடையதாதலின், அதே காரணத்தால் முன்னரே வீழ்ந்துகிடந்தது.

இன்னும் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. பிழைபட்ட அந்தக் கணக்கு, புதிய ராக்கெட் தரையைவிட்டு எழுந்த பின்னர் அதற்குத் தேவையே இல்லை! பின்னர் ஆராய்ந்த குழுவினர், புதிய ராக்கெட்டின் பாதையைக் கொண்டு அக்கருவியைச் சோதித்திருந்தால் இக்குறை முன்னரே வெளிப்பட்டிருக்கும் என்று காட்டினர். பழைய பாதையில் பெற்ற வெற்றியே புதிய பாதைக்கும் நற்சான்றாகக் கொள்ளப்பட்டது. கோடையில் கடந்த ஆற்றைக் கார்காலத்திலும் அவ்வாறே கடக்க முனைந்தனர் என்று சொல்லலாம்.

இனி, பொற்கிழிக்கு மீள்வோம். விடை சரியா, தவறா என்பதை அக்கிழி தானே அறிவித்தது. மென்பொருளைச் சோதிப்பவருக்கு அத்தகைய கிழி இல்லை. கணிப்பொறி ஒரு விடையைத் தருகின்றது. அது சரிதான் என்று அறிய, சரியான விடை இன்னதென்று வேறு வழியால் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாதபோது சோதனைக்கே பொருளில்லை. 1982-இல் எலைன் வெயுக்கர் என்னும் அமெரிக்க அம்மையார் இச்சிக்கலை விரிவாக ஆராய்ந்து எழுதினார். பண்டைக் கிரேக்கக் கோயில்களில் அருள்வாக்குச் சொன்னோரின் பெயரால் மேல்நாட்டார் இதனை வழங்குகின்றனர். அருள்வாக்கு இல்லாத இடத்தில் எதனைக் கொண்டு தெளிவது?

மனிதரின் சொல்லைக் கொண்டும் தெளியலாம். ஆனால், அச்சொல்லைக் கேட்கும் மனம் வேண்டும். அது இல்லாமற் போனால் என்ன நேரும் என்பதற்கு இங்கிலாந்து நாட்டு அஞ்சலக வரலாறே சான்று. அங்கே 1999 முதல் சிறு அஞ்சலகங்களின் வரவு செலவை 'ஹொரைசன்' என்னும் மென்பொருள் கணக்கிட்டது. பல இடங்களில் பணம் குறைவதாக அது காட்டியது. "நாங்கள் எடுக்கவில்லை; கணக்கில்தான் ஏதோ பிழை" என்று அஞ்சலகம் நடத்தியோர் முறையிட்டனர். எவரும் செவிசாய்க்கவில்லை. மாறான சான்று கிடைக்கும்வரை கணிப்பொறி ஒழுங்காக இயங்கியதாகவே கொள்ளவேண்டும் என்பது அந்நாட்டு நீதிமன்ற வழக்காயிருந்தது. 2015 வரையிலான காலத்தில் 900-க்கு மேற்பட்டோர் குற்றவாளிகள் எனத் தீர்ப்புப் பெற்றனர். சிலர் சிறை சென்றனர். பலர் இல்லாத கடனைத் தம் கைப்பொருளால் அடைத்து வறியராயினர். 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அம்மென்பொருளில் வழுக்கள் இருந்ததை உறுதிசெய்தது. 2024-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் தனிச்சட்டம் ஒன்று இயற்றி அத்தீர்ப்புகளைத் துடைத்தது. ஆனால், கழிந்த இருபது ஆண்டை எந்தச் சட்டம் மீட்டுத் தரும்?

வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரம் வகுத்தார். ஆராயாமல் நம்புவது நீங்காத துன்பம் தரும் என்பது அவ்வதிகாரத்தின் உட்கருத்து. அவர் மனிதரை மனத்திற்கொண்டு சொன்னது, மனிதர் செய்த பொறிக்கும் பொருந்தி நிற்பதைக் காண்கிறோம்.

சோதனைக்கு மற்றொரு நோயும் உண்டு. அதனை மாணவர்களாகிய நீங்கள் எளிதில் உணர்வீர்கள். சோதனையில் தேறுவதே குறிக்கோள் ஆகிவிட்டால், சோதனை எதற்காக ஏற்பட்டதோ அது மறைந்துவிடும். 2015 செப்டம்பரில் அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் காப்பு நிறுவனம் ஓர் உண்மையை வெளியிட்டது. ஃபோக்ஸ்வாகன் என்னும் ஜெர்மானிய நிறுவனத்தின் டீசல் கார்களில் இருந்த மென்பொருள், தான் சோதிக்கப்படும் வேளையை அறிந்துகொள்ளும் திறம் பெற்றிருந்தது. சோதனைக் கூடத்தில் சக்கரம் உருளும். ஆனால் கைச்சக்கரம் திரும்பாது. இத்தகைய குறிப்புகளைக் கொண்டு, "இது சோதனை" என்று அது தெரிந்துகொள்ளும். உடனே நச்சுப்புகையைக் குறைத்து நல்ல பிள்ளையாக நடக்கும். சாலைக்கு வந்தபின், சட்டம் இசைந்த அளவைப்போல் 40 மடங்குவரை நச்சு வாயுவை உமிழும். உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் கார்களில் அம்மென்பொருள் இருந்ததை அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது.

இதனைக் கேட்டு நாம் நகைக்கலாம். ஆயினும், தேர்வுக்கு முந்திய இரவில் வினாவிடைகளை மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்த மாலையில் எல்லாவற்றையும் மறந்துவிடும் மாணவருக்கும் அந்தக் காருக்கும் வேற்றுமை எவ்வளவு? இரண்டும் சோதனையில் தேறின. இரண்டும் சாலையில் தோற்றன.

அப்படியானால் சோதனையே வீண்தானா? முழுவதும் சோதிக்க இயலாது, எண்ணியதையே சோதிப்போம், சரியான விடையும் எப்போதும் தெரியாது, தெரிந்தாலும் ஏமாற்ற இடமுண்டு. இவ்வளவும் உண்மையாயின், அத்தொழிலை விட்டுவிடலாமே என்று சிலர் வினவுகின்றனர். இதற்கு விடையாக நம் நாட்டிலேயே நிகழ்ந்த ஒன்றைச் சொல்வேன்.

2019-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 'சந்திரயான் 2' ஏவப்பட்டது. செப்டம்பர் 7-ஆம் நாள் விடியுமுன் அதன் 'விக்ரம்' என்னும் இறங்குகலம் நிலவை நோக்கி இறங்கிற்று. 30 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 7.4 கிலோமீட்டர் உயரம்வரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. வேகம் நொடிக்கு 1,683 மீட்டரிலிருந்து 146 மீட்டராகக் குறைந்தது. அதன்பின் கலம் வகுத்த நெறியிலிருந்து பிறழ்ந்து, தரையில் மோதிச் சிதைந்தது. ஏவுவதற்கு முன் சோதனைகள் நிகழாமல் இல்லை. ஆயினும் நேர்ந்தது வேறு. அதன் ஐந்து எந்திரங்களும் எதிர்பார்த்ததைவிடச் சற்று மிகுதியான உந்துவிசை தந்தன. அதனால் சிறு சிறு பிழைகள் சேர்ந்து பெரும் பிழையாயின. அதனைத் திருத்தக் கலம் விரைந்து திரும்ப வேண்டியிருந்தபோது, இவ்வளவுக்கு மேல் விரைந்து திரும்பலாகாது என்று மென்பொருள் வரம்பிட்டிருந்தது. இறங்குவதற்கு வகுத்த இடமோ 500 மீட்டர் நீள அகலமுள்ள சிறு சதுரம். இவ்வாறு இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் அப்போதைய தலைவர் சோமநாத் 2023 ஜூலையில் விளக்கினார்.

அடுத்த கலத்தை அமைத்தபோது அவர்கள் கேட்ட வினாவே மாறிற்று. எவையெல்லாம் சரியாக நடந்தால் கலம் இறங்கும் என்று முன்னர்க் கேட்டனர். எவையெல்லாம் தவறினாலும் கலம் இறங்கவேண்டும் என்று இப்போது கேட்டனர். உணர்கருவி பழுதானால் என்ன? எந்திரம் ஒன்று நின்றால் என்ன? கணக்கே பிசகினால் என்ன? இவ்வாறு தோல்விகளை ஒவ்வொன்றாகக் கற்பனை செய்து, அவற்றிற்கேற்பக் கலத்தையும் சோதனையையும் வகுத்தனர். இறங்கும் இடம் 4 கிலோமீட்டர் நீளமும் 2.4 கிலோமீட்டர் அகலமுமாக விரிந்தது. எரிபொருள் மிகுந்தது, கால்கள் வலுப்பெற்றன, வேகத்தை நேரே அளக்கும் லேசர் கருவி ஒன்று சேர்ந்தது. உணர்கருவிகளை ஹெலிகாப்டரில் ஏற்றிப் பறந்து சோதித்தனர். கலத்தைப் பாரந்தூக்கியில் தொங்கவிட்டு எந்திரங்களை இயக்கிப் பார்த்தனர். நிலவு மண்ணைப் போன்ற செயற்கை மண்ணில் கால்களை ஊன்றிப் பார்த்தனர்.

அத்தகைய மண்ணுக்கான பாறை எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? நம் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய ஊர்ப் பக்கத்திலிருந்து! நிலவின் மேட்டு நிலத்தை ஒத்த அனார்த்தோசைட் என்னும் பாறை அங்கே உண்டு. விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக அமைந்த 'சந்திரயான் 3', 2023 ஆகஸ்ட் 23-ஆம் நாள் மாலை 6 மணி 4 நிமிடத்திற்கு நிலவில் மெல்ல இறங்கியது.

இவ்வெற்றியால் அம்மென்பொருளில் வழுவே இல்லை என்று நிறுவப்பட்டதா? இல்லை. டைக்ஸ்ட்ரா கூறியது இங்கும் பொருந்தும். ஆனால் இரண்டு கலங்களுக்கும் நடுவே சோதனையின் நோக்கம் எவ்வாறு மாறிற்று என்பதைக் கருதுங்கள். முன்னது, நாம் செய்தது சரி என்று உறுதிப்படுத்த விரும்பியது. பின்னது, நாம் செய்ததில் எங்கே தவறு என்று தேடியது. கிளென்ஃபோர்டு மையர்ஸ் என்பார் 1979-இல் மென்பொருட் சோதனையைப் பற்றி எழுதிய நூலில், பிழையைக் காணும் நோக்கத்துடன் இயக்கிப் பார்ப்பதே சோதனை என்று வரையறுத்தார். சரி என்று காட்டப் புறப்படுபவர், தம்மை அறியாமலே, தோற்காத நிலைமைகளையே தெரிந்தெடுப்பார். தவறைத் தேடப் புறப்படுபவரே கார்காலத்து ஆற்றை நினைப்பார். ஆகவே, சோதனையின் பயன் அதன் எண்ணிக்கையில் இல்லை. கேட்கும் வினாவில் இருக்கின்றது. பிழையைக் கண்டு சொன்னவரைக் குற்றம் சாட்டாமல் நன்றி கூறும் பண்பும் அங்கே வேண்டும். ஹொரைசன் கணக்கில் பிழை உண்டு என்று சொன்ன எளிய அஞ்சலகத்தாரைக் காட்டிலும் சிறந்த சோதனையாளர் எவர்? அவர்களையன்றோ சிறைக்கு அனுப்பினர்!

மாணவ நண்பர்களே, உங்களுள் சிலர் நாளை மென்பொருள் எழுதுவீர்கள், சிலர் சோதிப்பீர்கள், எல்லோரும் அதனை நம்பி வாழ்வீர்கள். "இது சோதனையில் தேறியது" என்று எவரேனும் சொல்லும்போது, மூன்று கேள்விகளைப் பணிவுடன் கேளுங்கள். எந்தச் சோதனையில் தேறியது? எதனைச் சோதிக்காமல் விட்டார்கள்? தவறு என்று சொன்னவர் எவரேனும் உண்டா. அவருக்கு என்ன விடை தரப்பட்டது? இம்மூன்றிற்கும் நேர்மையான விடை கிடைக்குமானால் அப்பொருளை ஓரளவு நம்பலாம். உங்கள் மதிப்பெண் பட்டியலையும் இக்கேள்விகளால் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். விடை எழுதிய தாளில் உள்ளதைவிட, எவரும் கேட்காத வினாவிற்கு உங்களிடம் உள்ள விடையே உங்கள் கல்வியின் அளவைக் காட்டும்.